இலவச பாண்ட் வேறு, சும்மா கிடைத்த பாண்ட் வேறு

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்தில் எல்லோரும் செய்யும் ஒரு வேலை, வேர்ட் புரோகிராமில் பாண்ட் பட்டியலைத் திறந்து, தன் பெயரை ஒவ்வொரு பாண்ட்டிலும் அமைத்துப் பார்ப்பது. அழகாக இருப்பதைத் தேர்ந்தெடுப்போம். அது எங்கிருந்து வந்தது, யார் வரைந்தது, அதை நண்பருக்கு காப்பி செய்து கொடுக்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளைத்தான் இந்தக் கட்டுரையில் கேட்கப் போகிறேன். அதற்கு உதாரணமாக எபிரேய மொழியின் புகழ்பெற்ற எழுத்து வடிவம் ஒன்றை எடுத்துக் கொள்கிறேன். அதன் பெயர் பிராங்க் ரூல்.

"எபிரேயம் நமக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். தமிழ் பைபிள் வைத்திருப்பவர்கள் 119ஆம் சங்கீதத்தைப் புரட்டிப் பாருங்கள். ஆலெப், பேத் என்று தொடங்கி 22 சிறு தலைப்புகள் இருக்கும். அவை எபிரேய எழுத்துகளின் பெயர்கள். நம் ஊரில் இறையியல் படிக்கும் மாணவர்கள் பழைய ஏற்பாட்டை மூல மொழியில் படிக்க எபிரேயம் கற்கிறார்கள். அவர்கள் கட்டுரை டைப் செய்வதும் நம்மைப் போன்ற வீட்டு கம்ப்யூட்டரில்தான். அதோடு, ஒரு பழைய அச்செழுத்து எப்படி இலவச பாண்ட் ஆகிறது என்பதை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஈயத்தில் பிறந்த எழுத்து

ஜெர்மனியில் லைப்சிக் நகரில் ரபேல் பிராங்க் என்பவர் இருந்தார். யூத ஆலயத்தில் வழிபாட்டுப் பாடல்களைப் பாடுவது இவர் பணி. அன்றைய எபிரேய அச்செழுத்துகளில் ஒரு குறை இருந்தது. எபிரேய எழுத்தில் படுக்கைக் கோடுகள் தடிமனாகவும் நிற்கும் கோடுகள் மெல்லியதாகவும் இருக்கும். ஆங்கில அச்செழுத்தில் இது நேர் எதிர். 19ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் இந்த வித்தியாசம் அளவுக்கு மீறிப் போய்விட்டது. மெல்லிய கோடுகள் தாளில் சரியாகப் பதியாமல் போனால், ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் எழுத்துகள் குழம்பிவிடும். தாலெத்தும் ரேஷும், ஹேயும் ஹேத்தும், பேத்தும் காப்பும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒரு சிறு மூலை, ஒரு சிறு இடைவெளி, இவைதான் அவற்றைப் பிரிக்கின்றன.

பிராங்க் இந்தத் தடிமன் வித்தியாசத்தைக் குறைத்தார். குழப்பம் தரும் எழுத்துகளைத் தெளிவாகப் பிரித்து வரைந்தார். லைப்சிக்கில் இருந்த சி.எப். ரூல் என்ற எழுத்து வார்ப்பு நிறுவனம் 1908ஆம் ஆண்டு வாக்கில் அதை ஈய அச்செழுத்தாக வெளியிட்டது. வரைந்தவர் பெயரும் வார்த்தவர் பெயரும் சேர்ந்து பிராங்க் ரூல் ஆனது. 1918ல் அந்த நிறுவனத்தை பெர்த்தோல்ட் நிறுவனம் வாங்கியது. பிராங்க் 1920ல் காலமானார். ஆனால் அவர் எழுத்து நிற்கவில்லை. நாவல், செய்தித்தாள், பாடப்புத்தகம் என்று எபிரேய அச்சு உலகம் முழுவதும் பரவியது. இன்று இஸ்ரேலில் ஒருவர் கையில் எடுக்கும் புத்தகம் இந்த எழுத்திலோ இதன் வாரிசு ஒன்றிலோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதற்குப் பிறகும் நல்ல எபிரேய எழுத்துகள் வந்தன. இஸ்மார் டேவிட் வரைந்த டேவிட் எழுத்து 1954ல் வெளியானது. ஹென்றி பிரீட்லேண்டர் வரைந்த ஹதாசா 1958ல் வந்தது. இருந்தாலும் புத்தகம் படிப்பது என்றால் பிராங்க் ரூல் என்ற நிலை மாறவில்லை.

விண்டோஸில் இருக்கிறதே, போதாதா?

விண்டோஸ் 7 பயன்படுத்தியவர்கள் பாண்ட் பட்டியலில் பிராங்க்ரூல், டேவிட், மிரியம், நர்கிசிம் ஆகிய பெயர்களைப் பார்த்திருக்கலாம். எல்லாம் எபிரேய பாண்ட்கள். விண்டோஸ் 10 முதல் இவை கேட்டால் மட்டும் வந்து சேரும் கூடுதல் பாண்ட்களாகிவிட்டன. "மைக்ரோசாப்ட் கொடுக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று கேட்பது இயல்பு.

காரணம் இருக்கிறது. விண்டோஸோடு வரும் பாண்ட், விண்டோஸ் லைசென்ஸின் ஒரு பகுதி. அதை எடுத்து லினக்ஸ் வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுக்க முடியாது. நீங்கள் எழுதிய புரோகிராமோடு சேர்த்து வெளியிட முடியாது. ஒரு குறியீடு தவறான இடத்தில் நின்றால், திருத்தி மற்றவர்களுக்குத் தர முடியாது. வாடகை வீட்டில் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் அல்லவா, அது மாதிரி.

இந்தச் சிக்கல் லினக்ஸ் பயன்படுத்தியவர்களுக்குத்தான் முதலில் உறைத்தது. 2002ல் மாக்சிம் யோர்ஷ் என்பவர் குல்முஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். குல்முஸ் என்றால் எபிரேயத்தில் எழுதுகோல் என்று பொருள். பிராங்க் ரூல், டேவிட், மிரியம் போன்ற பழைய எழுத்துகளின் அடிப்படையில் பாண்ட்கள் உருவாக்கப்பட்டு, ஜிபிஎல் லைசென்ஸில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. பிறகு 2016ல் கூகுள் பாண்ட்ஸ் தொகுப்பில் பிராங்க் ரூல் லிப்ரே சேர்ந்தது. இஸ்ரேலிய எழுத்து வடிவமைப்பாளர் யானெக் யோந்தெப் இதை வரைந்தார். லிப்ரே என்றால் சுதந்திரமானது.

ஸ்கேன் செய்தால் பாண்ட் ஆகிவிடாது

பழைய புத்தகத்தை ஸ்கேனரில் வைத்து, எழுத்துகளை வெட்டி ஒட்டினால் பாண்ட் தயார் என்று பலர் நினைக்கிறார்கள். சாப்ட்வேர் துறையில் இருப்பவர்களே என்னிடம் அப்படிச் சொன்னதுண்டு. உண்மை வேறு. வேலை எங்கே இருக்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதல் சிக்கல், மை. ஈய எழுத்தில் மை தடவித் தாளில் அழுத்தும்போது மை சற்றுப் பரவும். தாளில் நாம் பார்ப்பது ஈயத்தின் வடிவம் அல்ல, அதைவிடக் கொஞ்சம் பருத்த வடிவம். ஸ்கேன் செய்தால் அந்தப் பருமனும் மூலைகளின் மழுங்கலும் சேர்ந்தே வரும். எது பிராங்க் வரைந்தது, எது மை செய்தது என்று வடிவமைப்பாளர் ஒவ்வொரு எழுத்திலும் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது, அளவு. ஈய அச்சில் சிறிய எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் தனித்தனி அச்சு உண்டு. சிறியதில் கோடுகள் கொஞ்சம் தடிமனாக இருக்கும். அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் பாண்ட்டில் பொதுவாக ஒரே வரைபடம்தான். அதையே 8 பாயிண்ட்டுக்கும் 72 பாயிண்ட்டுக்கும் பெருக்கிக் காட்டுகிறது. எந்த அளவு அச்சை மூலமாக வைத்துக்கொள்வது என்பதே பெரிய முடிவு.

மூன்றாவது, எண்ணிக்கை. எபிரேயத்தில் 22 எழுத்துகள். காப், மேம், நூன், பே, த்சாதி ஆகிய ஐந்துக்கும் சொல்லின் கடைசியில் வேறு வடிவம் உண்டு. ஆக 27. நம் 247ஐப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகத் தோன்றும். ஆனால் உயிர் ஒலிகளைக் காட்ட எழுத்தின் கீழும் மேலும் உள்ளேயும் புள்ளிகளும் சிறு கோடுகளும் வரும். செய்தித்தாளில் இவற்றைப் போடுவதில்லை. குழந்தைகள் புத்தகம், கவிதை, பிரார்த்தனை நூல், பைபிள் ஆகியவற்றில் அவசியம். ஷின் என்ற எழுத்தின் வலது மூலையில் புள்ளி இருந்தால் 'ஷ'. இடது மூலையில் இருந்தால் 'ஸ'. புள்ளி இடம் மாறினால் ஒலியே மாறிவிடும். க என்பதற்கும் க் என்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரு புள்ளிதான் என்று அறிந்த நமக்கு இதன் முக்கியத்துவம் புரியும்.

ஒவ்வொரு எழுத்தின் அகலமும் வேறு. எனவே ஒவ்வொரு குறியீடும் ஒவ்வொரு எழுத்தோடும் எங்கே உட்கார வேண்டும் என்று பாண்ட்டுக்குள் அட்டவணை எழுத வேண்டும். கடைசி வடிவக் காப் எழுத்தின் கால் கீழே நீண்டு தொங்குகிறது. அதன் அடியில் குறியீடு போட இடம் இல்லை. காலின் இடப்பக்கம் வைக்க வேண்டும். இப்படி விதிவிலக்குகள் நிறைய.

நான்காவது, யூனிகோடு தரும் தலைவலி. எருசலேம் என்ற பெயர் எபிரேய பைபிளில் பெரும்பாலான இடங்களில் ஒரு எழுத்து குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. அதனால் லாமெத் எழுத்து ஒன்றே இரண்டு உயிர்க் குறிகளைச் சுமக்கிறது. யூனிகோடு விதிப்படி குறியீடுகளை வரிசைப்படுத்தும்போது கம்ப்யூட்டர் இந்த இரண்டின் வரிசையை மாற்றிவிடும். அதைத் தடுக்க இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைக்க வேண்டியிருக்கிறது. பாண்ட் செய்பவர் இதையும் நினைவில் வைத்து அட்டவணை எழுத வேண்டும். இல்லையென்றால் கோடிக்கணக்கானோர் போற்றும் ஒரு ஊரின் பெயர் திரையில் கோணலாகத் தெரியும்.

ஐந்தாவது, போல்ட். ஆங்கில எழுத்தில் நிற்கும் கோடு தடிமன். போல்ட் ஆக்கினால் எழுத்து பக்கவாட்டில் அகலமாகும், அவ்வளவுதான். எபிரேயத்தில் படுக்கைக் கோடு தடிமன். அதைப் பருக்க வைத்தால் மேலும் கீழும் வளரும். எழுத்தின் உயரமோ மாறக் கூடாது. எனவே உள்ளே இருக்கும் வெள்ளை இடம் அடைபட்டுப் போகும். பிராங்க் ரூல் லிப்ரே ஐந்து தடிமன்களில் வந்தது. லைட் முதல் பிளாக் வரை ஒவ்வொன்றிலும் அந்த வெள்ளை இடத்தைக் காப்பாற்றியாக வேண்டும். ஸ்கேனர் இதைச் செய்யாது. கண்ணும் பொறுமையும்தான் செய்யும்.

ஆறாவது, ஆங்கிலத்தோடு சேர்க்கை. எபிரேயத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு கிடையாது. அதே வரியில் ஆங்கிலச் சொல் வந்தால் எந்த உயரத்துக்குப் பொருத்துவது? கேபிடல் அளவுக்கு வைத்தால் எபிரேயம் கத்துவது போல் இருக்கும். ஸ்மால் லெட்டர் அளவுக்கு வைத்தால் முணுமுணுக்கும். இரண்டுக்கும் இடையில் ஓர் உயரத்தைத் தேர்ந்தெடுப்பார்கள்.

நகலா, புது உரையா?

இங்கேதான் கருத்து வேறுபாடு வருகிறது. பழைய எழுத்தைக் கோடு தவறாமல் அப்படியே எடுக்க வேண்டும் என்பார்கள் சிலர். இன்றைய திரைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்பார்கள் வேறு சிலர். என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு. பிராங்க் தனக்கு முன்பிருந்த எழுத்துகளை அப்படியே நகல் எடுத்திருந்தால் பிராங்க் ரூல் பிறந்தே இருக்காது. படிப்பவரின் கண்ணை நினைத்து அவர் மாற்றினார். இன்று திரையில் படிப்பவரின் கண்ணை நினைத்து மாற்றுவது அவர் வழியில் நடப்பதுதான். ஆனால் ஒரு நிபந்தனை. தாலெத்தும் ரேஷும் முன்பைவிடத் தெளிவாகப் பிரிய வேண்டும். அழகுக்காக அந்தத் தெளிவை விட்டுக்கொடுத்தால், அதற்கு பிராங்க் பெயரை வைக்கக் கூடாது.

ஒரு நண்பரின் மூன்று இரவுகள்

என் நண்பர் ஒருவர் இறையியல் படித்தபோது, எபிரேய மேற்கோள்கள் நிறைந்த ஆய்வுக் கட்டுரையை கல்லூரி கம்ப்யூட்டரில் டைப் செய்தார். வீட்டில் திறந்தால் எபிரேயம் இருந்த இடமெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். என்னைக் கூப்பிட்டார். பார்த்தேன். கல்லூரியில் இருந்தது யூனிகோடுக்கு முந்தைய பாண்ட். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் எபிரேய வடிவத்தை வைத்து ஏமாற்றும் வகை. பாண்ட் இருந்தால் எபிரேயம், இல்லாவிட்டால் குப்பை. பல ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப் பத்திரிகைகளின் தளங்களைப் படிக்க ஆளுக்கொரு பாண்ட் டவுண்லோட் செய்தோமே, அதே கதை.

அந்த பாண்ட்டை எடுத்து வரலாம் என்றால், லைசென்ஸ் விவரமே எங்கும் இல்லை. யாரோ கொடுத்த சிடியில் இருந்து வந்தது. யார் செய்தது என்பதும் தெரியாது. கடைசியில் இலவச யூனிகோடு பாண்ட் ஒன்றைப் போட்டு, எல்லா மேற்கோள்களையும் மூன்று இரவுகளில் மறுபடி டைப் செய்தார். இப்போது அந்தக் கட்டுரை எந்த கம்ப்யூட்டரிலும் எபிரேயமாகவே திறக்கிறது. அதை வாசித்தவர்களில் ஒருவர் அதே பாண்ட் வேண்டும் என்று கேட்டார். தயங்காமல் கொடுத்தார். முறையான இலவச பாண்ட்டின் பலன் இதுதான்.

மூன்று வகை இலவசம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இலவசம் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல.

ஒன்று, "ஐயாயிரம் பாண்ட்கள் இலவசம்" என்று வரும் சிடியும் ஜிப் பைலும். பெரும்பாலும் யாருடைய உழைப்பையோ அனுமதி இல்லாமல் எடுத்தவை. இது இலவசம் அல்ல, சும்மா கிடைத்தது. அமெரிக்கச் சட்டப்படி எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் அதை வரையும் பாண்ட் பைல் ஒரு சாப்ட்வேர். அதற்குப் பதிப்புரிமை உண்டு. பிராங்க் வரைந்த வடிவத்தைப் பார்த்து நீங்கள் புதிதாக வரையலாம். இன்னொருவர் செய்த பைலைப் பெயர் மாற்றி வெளியிட முடியாது. மற்ற நாடுகளில் சட்டம் வேறுபடும்.

இரண்டு, நிபந்தனையுள்ள இலவசம். எஸ்பிஎல் ஹீப்ரு என்ற அருமையான பாண்ட் இருக்கிறது. பைபிள் ஆய்வாளர்களுக்காக உருவானது. சொந்தப் படிப்புக்கும் லாப நோக்கமில்லாத பயனுக்கும் காசு வேண்டாம். விலைக்கு விற்கும் புத்தகத்தில் பயன்படுத்தினால் லைசென்ஸ் வாங்க வேண்டும். இது நேர்மையான ஏற்பாடு. தெரிந்து பயன்படுத்தினால் பிரச்சினை இல்லை.

மூன்று, முழுச் சுதந்திரம். பிராங்க் ரூல் லிப்ரே எஸ்ஐஎல் ஓபன் பாண்ட் லைசென்ஸில் வருகிறது. அச்சடிக்கலாம், விற்கும் புத்தகத்தில் போடலாம், நண்பருக்குக் கொடுக்கலாம், திருத்தலாம். பாண்ட்டை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. திருத்தி வெளியிட்டால் அதே லைசென்ஸில்தான் வெளியிட வேண்டும். நான் ஆதரிப்பது இந்த மூன்றாவது வகையை.

வரைபவர் சாப்பிட வேண்டாமா?

நியாயமான கேள்வி. மேலே சொன்ன ஆறு வேலைகளையும் படித்த யாரும் "சும்மா செய்து கொடு" என்று கேட்க மாட்டார்கள். எல்லா பாண்ட்டும் இலவசமாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வடிவமைப்பாளர் தன் கற்பனையில் புதிதாக வரைந்ததை விற்கட்டும். அதைக் காசு கொடுத்து வாங்குவதுதான் மரியாதை.

ஆனால் நூறு ஆண்டுகளாக ஒரு மொழி பேசுபவர்கள் அனைவரும் படித்து வளர்ந்த அடிப்படை எழுத்து வேறு விஷயம். அது ஊர்க் கிணறு மாதிரி. அதைத் தூர்வாரும் கூலியை யாராவது ஒருமுறை கொடுத்துவிட்டால், எல்லோரும் தண்ணீர் எடுக்கலாம். கூகுள் போன்ற நிறுவனங்கள் வடிவமைப்பாளர்களுக்குப் பணம் கொடுத்து பாண்ட்களை உருவாக்கித் திறந்துவிடுவது உண்டு. பல்கலைக்கழகங்களும் அரசுகளும் பதிப்பகங்களும் இதைச் செய்யலாம். ஒரு மொழியில் இப்படி ஒரு நல்ல புத்தக எழுத்தாவது திறந்த நிலையில் இருந்தால், ஏழை மாணவனும் சிறு பதிப்பாளரும் திருட்டு சிடியைத் தேட மாட்டார்கள். விலைக்கு விற்பவரின் பாண்ட்டைத் திருடுவதும் குறையும். எனவே இலவச பாண்ட், விற்பவரின் எதிரி அல்ல.

இன்றே செய்து பாருங்கள்

கூகுள் பாண்ட்ஸ் தளத்தில் பிராங்க் ரூல் லிப்ரே என்று தேடி டவுண்லோட் செய்யுங்கள். ஜிப் பைலை விரித்தால் பாண்ட்களோடு லைசென்ஸ் எழுதிய சிறு டெக்ஸ்ட் பைலும் இருக்கும். முதலில் அதைத் திறந்து படியுங்கள். பிறகு பாண்ட் பைலின் மீது ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குச் சென்று எபிரேய கீபோர்டைச் சேர்த்தால் டைப் செய்யலாம். எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடும். நடுவில் 2016 என்று எண் போட்டால் அது மட்டும் இடமிருந்து வலமாக நிற்கும். பைபிளின் இசைக் குறிகளும் வேண்டுமானால் குல்முஸ் தொகுப்பில் உள்ள தாமே பிராங்க் பாண்ட்டைப் பாருங்கள்.

எபிரேயம் தேவைப்படாதவர்கள் ஒரே ஒரு பழக்கத்தையாவது வைத்துக்கொள்ளுங்கள். எந்த மொழி பாண்ட் ஆனாலும், இன்ஸ்டால் செய்யும் முன் லைசென்ஸ் பைல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வரைந்தவர் பெயரைப் படியுங்கள். எங்காவது ஒரு குறியீடு கோணலாக நின்றால் அவருக்கு எழுதிச் சொல்லுங்கள். திறந்த பாண்ட் என்றால் அடுத்த பதிப்பில் அது நேராக நிற்க வழியுண்டு. லைசென்ஸ் பைல் இல்லாத பாண்ட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றாதீர்கள்.